பழைய ஹாலிவுட் படங்கள் ஏன் ஒட்டவில்லை? எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: "எல்லோரும் கொண்டாடும் 1930, 40களின் ஹாலிவுட் படங்கள் இரண்டைப் பார்த்தேன். நடிப்பு நாடகம் மாதிரி இருக்கிறது, கார் காட்சிகள் போலியாகத் தெரிகின்றன, படம் மங்கலாக இருக்கிறது. பாதியில் நிறுத்திவிட்டேன். இவற்றில் ரசிக்க என்ன இருக்கிறது, எந்த வரிசையில் பார்ப்பது?"

மங்கல் என்று நீங்கள் சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன். அது பெரும்பாலும் படத்தின் குற்றமாக இருக்காது. நல்ல நெகடிவிலிருந்து எடுத்த 1940களின் கறுப்பு வெள்ளைப் படம் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும். கோட்டின் நெசவு தெரியும், கண்ணுக்குள் விளக்கின் பிம்பம் தெரியும். அப்படித் தெரியவில்லை என்றால் உங்கள் கையில் கிடைத்தது நகலின் நகல்.

இதற்குச் சட்டக் காரணம் உண்டு. அக்கால அமெரிக்கச் சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை 28 ஆண்டு. அதன்பின் விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். பல நிறுவனங்கள் மறந்தன, அல்லது பொருட்படுத்தவில்லை. 'ஹிஸ் கேர்ள் ஃபிரைடே' (1940), 'மை மேன் காட்ஃப்ரே' (1936), 'டீடூர்' (1945) எல்லாம் இப்படி யாருக்கும் தனி உரிமையில்லாத பொதுச் சொத்து ஆனவை. 'சரேட்' (1963) படத்துக்கு வந்த கேடு இன்னும் வேடிக்கை. காப்புரிமை அறிவிப்பு சரியான வடிவில் திரையில் இடம்பெறாததால் வெளியான அன்றே உரிமை போனது. யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்றானதும், தேய்ந்த 16 மி.மீ. பிரதியிலிருந்து எடுத்த வீடியோக்கள் பெருகின. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய படங்களில் பெரும்பகுதி இந்த வகைதான். இந்த வகைப் படங்களை, ஆவணக் காப்பகமோ ஸ்டூடியோவோ மீட்டெடுத்த பதிப்பில் மட்டும் பாருங்கள். மேலே சொன்ன நான்கு படத்துக்கும் நல்ல பதிப்பு வந்துவிட்டது.

பதிப்பைச் சோதிக்க எளிய வழி, ஓடும் நேரம். 'காசாபிளாங்கா' 102 நிமிடம், 'டபுள் இன்டெம்னிடி' 107, 'நொட்டோரியஸ்' 101, 'ஹிஸ் கேர்ள் ஃபிரைடே' 92. நூற்றுக்கு நான்கு நிமிடம் குறைந்தால் பயப்பட வேண்டாம். நொடிக்கு 24 பிரேமில் எடுத்ததை ஐரோப்பிய டிவிடிகளில் 25ஆக ஓட்டியிருப்பார்கள். எதுவும் வெட்டப்படவில்லை, குரல் மட்டும் இம்மி அளவு கீச்சிடும். பத்துப் பதினைந்து நிமிடம் குறைந்தால் அது வெட்டிய பிரதி.

அடுத்து டிவியில் இரண்டு அமைப்புகள். முதலாவது படச்சட்டம். 1932 முதல் 1953 வரை ஹாலிவுட் படங்கள் 1.37க்கு 1 என்ற, ஏறக்குறைய சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டன. இன்றைய அகல டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தே தீரும். அந்தப் பட்டை பிடிக்காமல் 'ஜூம்' போட்டால் படத்தின் உயரத்தில் சுமார் 23 சதவீதம் போய்விடும், அதாவது தொப்பியும் நெற்றியும் நடனக்காரரின் பாதமும். பிரெட் அஸ்டேர் தன் நடனக் காட்சிகளில் தலை முதல் கால்வரை முழு உடலும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும், இடையில் அதிகம் வெட்டக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர். அவரைக் கணுக்காலோடு நிறுத்துவது பாவம். 'ஸ்ட்ரெட்ச்' போட்டாலோ எல்லோரும் 1.3 மடங்கு குண்டாகிவிடுவார்கள். ஆகவே 'ஒரிஜினல்' அல்லது '4:3' என்பதில் வையுங்கள்.

இரண்டாவது, அசைவை வழவழப்பாக்கும் வசதி. சோனியில் 'மோஷன்ஃப்ளோ', எல்ஜியில் 'ட்ரூமோஷன்' என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. இது 24 பிரேமுக்கு இடையே இல்லாத பிரேம்களைக் கற்பனை செய்து செருகும். விளைவு, 1942இன் படம் நேற்று எடுத்த மெகா சீரியல் மாதிரி ஆகிவிடும். நடிப்பு நாடகம் மாதிரி இருக்கிறது என்ற குறையில் ஒரு பங்கு இதனால் வருவதுதான். முழுக்க அணைத்துவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று ஒன்று இருந்தால் அதைப் போட்டாலே போதும். அறை விளக்கையும் அணையுங்கள். இந்தப் படங்களின் பாதி சேதி இருட்டில் இருக்கிறது, ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் அது காணாமல் போகும்.

இப்போது கார் காட்சிக்கு வருவோம். அது போலிதான், ஒளிக்க ஒன்றுமில்லை. தெருவை முன்னதாகப் படமெடுத்து வந்து, ஸ்டூடியோவில் ஒளி ஊடுருவும் திரையின் பின்னாலிருந்து ஓட்டுவார்கள். முன்னால் பாதிக் காரில் நடிகர்கள். புரொஜெக்டரின் ஷட்டரும் கேமராவின் ஷட்டரும் ஒரே தாளத்தில் திறந்து மூடும்படி மோட்டார்களைப் பிணைத்திருப்பார்கள், இல்லையென்றால் பின்னணி சிமிட்டும். பின்னணி இரண்டாம் முறை படமாக்கப்படுவதால் அதில் மட்டும் மணல்மணலாகத் தெரியும். அன்றைய ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துக்கொண்டு ஓடும் காரில் தெளிவாக வசனம் பதிவு செய்வது பெரும்பாடு. ஆகவே குரலுக்காகத் தெருவை விட்டுக்கொடுத்தார்கள். பழகியதும் கண் அதைக் கடந்துவிடும்.

இதே ஒலிச் சிக்கலால்தான் 1929, 30 படங்களில் தொடங்க வேண்டாம் என்று சொல்கிறேன். பேசும் படம் வந்த புதிதில் கேமராவின் இரைச்சல் மைக்கில் விழாமலிருக்க, கேமராவையும் ஆளையும் சேர்த்து ஒரு கண்ணாடி அறைக்குள் அடைத்தார்கள். கேமரா நகரவில்லை, மைக் இருக்கும் இடத்தைச் சுற்றியே நடிகர்கள் கூடி நின்றார்கள். சத்தத்தை அடக்கும் உறையும் தொங்கும் மைக்கும் பரவலான பிறகு, 1932 வாக்கில், படங்களுக்கு மறுபடி கால் முளைத்தது.

இனி எதைப் பார்ப்பது என்பது. முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். கதை, வசனம் எல்லாம் தானாக வந்து சேரும். அந்தக் கால ஸ்டூடியோவில் ஒரு நட்சத்திரத்தின் முகம் என்பது ஒளிப்பதிவாளர் கட்டிய கட்டடம். அடிப்படை மூன்று விளக்கு. முகத்துக்கு வடிவம் கொடுக்கும் கீ லைட், அது போடும் நிழலின் கடுமையைக் குறைக்கும் ஃபில் லைட், தலைமுடிக்கும் தோளுக்கும் ஒளிக்கோடு போட்டு ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் பேக் லைட். கறுப்பு வெள்ளையில் சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஒரே சாம்பலாகிவிடும். பின்னால் வெளிச்சம் இல்லையென்றால் கறுப்புத் தலைமுடி கறுப்புச் சுவரில் கரைந்துபோகும். அதனால்தான் அந்தக்கால நாயகிகளின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி ஒன்று.

விளக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூக்கின் நிழலைப் பாருங்கள். நடிகை மார்லீன் டீட்ரிச்சின் மூக்குக்கு நேர் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சிறு நிழல் விழும். கீ லைட்டை முகத்துக்கு நேராக, மிக உயரத்தில் வைத்ததன் அடையாளம் அது. அந்த உயரத்து வெளிச்சம் கன்னத்தைக் குழித்துக் காட்டும், இமைமுடியின் நிழலைக் கன்னத்தில் போடும். 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' (1932) படத்தில் இயக்குநர் ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க்கும் ஒளிப்பதிவாளர் லீ கார்ம்ஸும் செய்த வேலையைப் பாருங்கள். கார்ம்ஸுக்கு அதற்காக ஆஸ்கர் கிடைத்தது.

'காசாபிளாங்கா'வில் ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசனின் கேமரா இங்க்ரிட் பெர்க்மனைப் பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்தே பார்க்கும். லென்ஸின் முன் மெல்லிய வலைத்துணி, கண்ணில் மின்ன ஒரு சிறு விளக்கு. அடுத்த ஷாட்டில் ஹம்ஃப்ரி போகார்ட் வலையில்லாமல், சுருக்கமெல்லாம் தெரிய, கூர்மையாக. ஒரே உரையாடலில் இரண்டு விதமான உலகம் மாறி மாறி வரும். ஒரு பத்து நிமிடத்தை ஒலியை அணைத்துவிட்டு மறுமுறை ஓட்டிப் பாருங்கள், இது பளிச்சென்று பிடிபடும். ஒளிப்பதிவு வகுப்பில்கூட இவ்வளவு சீக்கிரம் புரியாது.

இந்த முக வித்தை நமக்கு அந்நியமானதல்ல. கலிஃபோர்னியாவில் சினிமா படித்துவிட்டு இங்கே வந்து தமிழ்ப் படம் எடுத்த எல்லிஸ் ஆர். டங்கன், 'மீரா' (1945) படத்துக்கு முன் எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தைப் பிளாஸ்டரில் மார்பளவுச் சிலையாகச் செய்யச் சொல்லி, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியோடு சேர்ந்து, எந்தக் கோணத்தில் எந்த வெளிச்சம் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அந்தச் சிலையை வைத்தே சோதித்துப் பார்த்தார்.

முகத்தைக் காட்டுவது போலவே மறைப்பதும் வெளிச்சத்தின் வேலைதான். நடிகை மெர்ல் ஓபரானுக்கு 1937இல் கார் விபத்தொன்றில் முகத்தில் தழும்பு ஏற்பட்டது. 'தி லாட்ஜர்' (1944) படத்தில் ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட் லென்ஸை ஒட்டியே ஒரு சிறு விளக்கைப் பொருத்தினார். வெளிச்சம் பார்வையின் திசையிலேயே போவதால் மேடு பள்ளத்தின் நிழல் கேமராவுக்குத் தெரியாது. 'ஓபி' என்று ஓபரானின் பெயரிலேயே அந்த விளக்கு இன்றும் புழங்குகிறது. அவர் மறைக்க வேண்டியிருந்தது தழும்பை மட்டுமா? ஓபரான் 1911இல் பம்பாயில் பிறந்தவர், தாய்வழி வேர் இலங்கையில். ஸ்டூடியோ விளம்பரத்தில் அவர் டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண். வாழ்நாள் முழுதும் அந்தப் பொய்யைச் சுமந்தார். கலப்பினக் காதலைத் திரையில் காட்டக் கூடாது என்றே ஸ்டூடியோக்களுக்கு எழுத்தில் விதி இருந்த காலம் அது. சீனப் பின்புலம் கொண்ட அன்னா மே வாங்கை ஒதுக்கிவிட்டு, 'தி குட் எர்த்' (1937) படத்தின் சீனக் குடியானவப் பெண் வேடத்தை ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்குக் கொடுத்தார்கள். அதற்கு ஆஸ்கரும் தந்தார்கள். கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியல் 1940இல் ஆஸ்கர் வாங்கிய இரவில் சக நடிகர்களோடு உட்கார முடியாமல் ஓரத்து மேசையில் இருந்தார். இதையெல்லாம் தெரிந்துகொண்டே பார்ப்பதுதான் சரி. பொற்காலம் என்ற சொல்லை எல்லோரும் ஒரே பொருளில் சொல்ல முடியாது.

எழுத்தில் இருந்த விதி என்றேனே, அது 'புரொடக்‌ஷன் கோட்'. அரசுத் தணிக்கையன்று, அரசு தலையிட்டுவிடுமோ என்ற பயத்தில் தயாரிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே 1930இல் போட்டுக்கொண்ட விலங்கு. நான்கு வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1934 ஜூலையிலிருந்து இந்த விதிகளை அமலாக்கிய ஜோசப் ப்ரீனின் அலுவலகச் சான்றிதழ் இல்லாமல் படம் வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம் என்று வந்ததும் எல்லாம் மாறிற்று. அந்த இடைப்பட்ட நான்கு வருடப் படங்கள் தனி ருசி. பார்பரா ஸ்டான்விக் நடித்த 'பேபி ஃபேஸ்' (1933) அப்போதே நியூயார்க் தணிக்கைக்காக வெட்டப்பட்டது. வெட்டாத பிரதி 2004இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடைத்தது. 71 நிமிடப் பதிப்பையும் 76 நிமிடப் பதிப்பையும் அடுத்தடுத்துப் பார்த்தால், கிழவர் நாயகிக்குச் சொல்லும் அறிவுரை தலைகீழாக்கப்பட்டிருப்பது தெரியும்.

1934க்குப் பின் வந்த படங்களை ரசிக்க இந்த விதிகள் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சொல்ல முடியாததைச் சொல்லாமல் சொல்வதே கலையாகிவிட்டது. மிதமிஞ்சிய முத்தம் கூடாது என்றது விதி. நடைமுறையில் மூன்று விநாடிக்கு மேல் உதடு பிரியாமல் இருந்தால் சிக்கல். 'நொட்டோரியஸ்' (1946) படத்தில் ஹிட்ச்காக் என்ன செய்தார்? கேரி கிராண்டும் பெர்க்மனும் முத்தமிடுவார்கள், விலகுவார்கள், இரவுச் சாப்பாட்டுக்குக் கோழி சமைப்பது பற்றிப் பேசுவார்கள், மறுபடி முத்தம், டெலிபோன் பேசியபடி முத்தம், கதவுவரை ஒட்டியபடியே நடை. இரண்டரை நிமிடம். எந்த முத்தமும் விதியை மீறவில்லை. விதி இல்லாதிருந்தால் அந்தக் காட்சி இதில் பாதி கிளர்ச்சிகூடத் தந்திருக்காது.

'காசாபிளாங்கா'வில் இல்சா (பெர்க்மன்) துப்பாக்கியை இறக்கிவிட்டு ரிக்கின் (போகார்ட்) அணைப்பில் சாய்கிறாள். படம் கரைந்து, விமான நிலையக் கோபுரத்தின் சுழல் விளக்கு வருகிறது. மறுபடி கரைந்தால் ரிக் ஜன்னலோரம் சிகரெட்டோடு நிற்கிறான். இடையில் போனது ஐந்து நிமிடமா ஓர் இரவா என்பதைப் படம் சொல்லாது. பார்ப்பவர் வயதுக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம். குற்றம் செய்தவன் தப்பக் கூடாது என்பது இன்னொரு விதி. 'டபுள் இன்டெம்னிடி' (1944) அந்த விதியையே கதையின் தொடக்கமாக்கிவிட்டது. குண்டடிபட்டவன் முதல் காட்சியிலேயே ஒப்புக்கொள்கிறான், மாட்டுவானா என்ற கேள்வி போய், எப்படி இதில் விழுந்தான் என்பதே கதையாகிறது. இந்தப் படத்தில் ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ், ஜன்னல் பலகைகளின் நிழலைச் சிறைக் கம்பி மாதிரி ஆள்மேல் போடுவதையும், வெயிலில் மிதக்கும் தூசு தெரிய உலோகப் பொடியைக் காற்றில் தூவியிருப்பதையும் கவனியுங்கள். ஒரு விளையாட்டும் உண்டு. நாயகனின் ஃபிளாட் கதவு வெளிப்பக்கமாக, நடைபாதையை நோக்கித் திறக்கும். நிஜ வீட்டில் அப்படி வைக்க மாட்டார்கள். கதவின் பின்னால் நாயகி ஸ்டான்விக் ஒளிந்து நிற்க வேண்டும் என்பதற்காகவே அந்தத் தச்சு வேலை. படபடப்பில் யாருக்கும் அது உறைக்காது.

வண்ணப் படங்களில் பலரும் தலைகீழாக நினைப்பது ஒன்று உண்டு. பழையது என்றால் வெளிறியிருக்கும் என்பது. 1939இன் 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' சில 1950களின் படங்களைவிடப் பளபளக்கும். காரணம், டெக்னிகலர் கேமரா ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்பு, பச்சை, நீலத்தை மூன்று தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் பதிவு செய்தது. கறுப்பு வெள்ளை நெகடிவில் வெளிற நிறமே இல்லை. 1950களில் வந்த ஈஸ்ட்மன்கலரில் சாயம் ஒரே பிலிமுக்குள் இருந்தது, மலிவு, வசதி. ஆனால் பச்சைநீலச் சாயம் முதலில் மங்கிப் பிரதி முழுதும் ரோஸ் நிறமாகிவிடும். 'ஓஸ்' படத்தின் நாயகி டோரத்தியின் காலணி மூலக்கதையில் வெள்ளி. டெக்னிகலரில் எடுப்பதால் அது சிவப்பாயிற்று. அவள் கதவைத் திறக்கும்போது பழுப்பு உலகம் வண்ணமாகும் காட்சியில் தந்திரம் லேபில் நடக்கவில்லை. வீட்டின் உட்புறத்துக்கே பழுப்பு வண்ணம் அடித்து, பழுப்பு உடை போட்ட மாற்று நடிகையை வைத்து வண்ணப் பிலிமிலேயே எடுத்தார்கள். கதவு திறந்ததும் அவர் ஒதுங்க, டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்ட் நீல உடையில் சட்டத்துக்குள் வருவார்.

நட்சத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கேரி கிராண்ட் எல்லாப் படத்திலும் கேரி கிராண்டாகவே இருக்கிறார் என்று குறைபடுவார்கள். சந்தை அதைத்தான் கேட்டது. வழக்கமான ஒப்பந்தம் ஏழு வருடம். இடையிடையே விலக்கும் உரிமை ஸ்டூடியோவுக்கு உண்டு, நடிகருக்குக் கிடையாது. கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளமில்லா இடைநீக்கம், அந்த நாட்களையும் ஏழு வருடத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள். ஆளை வேறு கம்பெனிக்கு வாடகைக்கும் விடலாம். 'காசாபிளாங்கா'வின் பெர்க்மனே தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கிடமிருந்து வார்னர் ஸ்டூடியோ வாங்கிய இரவல்தான். இந்த வாலை நீதிமன்றத்தில் அறுத்தவர் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட். ஏழு வருடம் என்றால் காலண்டர்ப்படி ஏழு வருடம்தான் என்று 1944இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்தது. ஆகவே ஒரு நடிகரின் படங்களை வரிசையாகப் பார்க்கும்போது, ஒரே அச்சு எங்கே தொடர்கிறது, எந்தப் படத்தில் அதை மீறுகிறார் என்று பாருங்கள். மற்ற எல்லா இடத்திலும் வசீகரமான கிராண்ட், 'நொட்டோரியஸ்' படத்தில் அதே வசீகரத்தைக் கொடுமைக்குப் பயன்படுத்துவது அப்போதுதான் சுரீரென்று உறைக்கும்.

வரிசை. முதலில் 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' (1934). வேகமாக ஓடும், யாரையும் மிரட்டாது. கயிற்றில் தொங்கும் ஒரு போர்வை, மேலே சொன்ன விதிகளின் கதை முழுவதையும் சொல்லிவிடும். அடுத்து 'காசாபிளாங்கா', பிறகு 'டபுள் இன்டெம்னிடி', 'நொட்டோரியஸ்'. நான்கும் பிடித்த பிறகு 'ஹிஸ் கேர்ள் ஃபிரைடே'. அதை முதலில் வைக்காததற்குக் காரணம் பேச்சின் வேகம். இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸ் ஒவ்வொரு வசனத்தின் தலையிலும் வாலிலும் தேவையில்லாத சில சொற்களைச் சேர்த்து, ஒருவர் முடிக்கும் முன்னரே அடுத்தவரைப் பேச வைத்தார். முக்கியமான சொற்கள் மட்டும் இடிபடாது. ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள். தமிழ் சப்டைட்டில் கிடைத்தாலும் அந்த வேகத்துக்குப் பாதி வசனம்தான் அதில் ஏறும்.

'சிங்கின் இன் த ரெய்ன்' (1952) எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பின்னணிக் குரலில் ஊறிய நமக்கு அதில் கூடுதல் சிரிப்பு. கதைப்படி, கீச்சுக்குரல் நடிகை ஜீன் ஹேகனுக்கு டெபி ரெனால்ட்ஸ் குரல் கொடுக்கிறார். படப்பிடிப்பில் நடந்தது வேறு. டெபி 'பின்னணி' பேசும் இடத்தில் ஒலிப்பது ஹேகனின் சொந்தக் குரலே, பாடும் இடத்தில் பெட்டி நோய்ஸ் என்ற மூன்றாவது பெண்மணி. நோய்ஸின் பெயர் டைட்டிலில் இல்லை.

'சிட்டிசன் கேன்' (1941) படத்தை முதலில் பார்த்துத்தான் பலர் ஓடிப்போகிறார்கள். உலகின் மிகச் சிறந்த படம் என்ற பட்டத்தோடு உட்கார்ந்தால் எந்தப் படமும் தாங்காது. கடைசியில் வையுங்கள். மற்ற ஐந்தில் வெளிச்சத்தையும் சட்டத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மேற்கூரை தெரியும் அறைகள் ஏன் புதுமை என்று புரியும். விளக்கும் மைக்கும் தொங்கும் இடம் என்பதால் பெரும்பாலான செட்களுக்குக் கூரையே கிடையாது. இயக்குநர் ஆர்சன் வெல்ஸும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் துணியால் கூரை போட்டு அதற்கு மேலே மைக்கை ஒளித்தார்கள். கேனின் மனைவி சூசன் தற்கொலைக்கு முயலும் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். முன்னால் பெரிதாகக் கண்ணாடிக் குவளை, நடுவே இருட்டில் அவள், தூரத்தில் உடைபடும் கதவு, குவளையும் கதவும் துல்லியமாக. எந்த லென்ஸாலும் அத்தனை ஆழத்தையும் ஒரே தடவையில் பிடித்திருக்க முடியாது. குவளையை மட்டும் வெளிச்சமிட்டு ஒருமுறை எடுத்து, அதே பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, குவளையை இருட்டாக்கி அறையை மறுமுறை எடுத்தார்கள்.